மூடிய சிப்பியும் மூடிய பெட்டியும்

ஏப்ரல் 15 பிறந்தால் பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம் கரைகளில் விசைப்படகுகள் கட்டிப்போடப்பட்டுவிடும். ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். வலை தைப்பது, பலகை மாற்றுவது, வண்ணம் அடிப்பது என்று வேலைக்குப் பஞ்சம் இருக்காது, வருமானத்துக்குத்தான் பஞ்சம். பள்ளிகளுக்கும் அப்போது விடுமுறை. வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி. அது பெரும்பாலும் பிள்ளையின் கையில் இருக்கும்.

என் அக்கா பாம்பன் சின்னப்பாலத்தில் வசிக்கிறார். பாசி எடுக்கக் கடலில் இறங்குகிறவர். ஒரு தடைக்காலத்தில், குழுக்கடன் தவணை கட்டப் பணம் எடுக்கப் போனபோது கணக்கில் ஏறத்தாழ 2,900 ரூபாய் குறைந்திருந்தது. யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று பதறிப்போய் என்னைக் கூப்பிட்டார். வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்திகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்ததால் அவருக்கு அவை புரியவில்லை. நான் ஒவ்வொன்றாகப் படித்தேன். 80, 80, 160, 40, 400, மறுபடியும் 80. பெரிய தொகை ஒன்றுகூட இல்லை. அத்தனையும் ஒரு விளையாட்டுக்குள் போயிருந்தன. அக்காவின் மகன், எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மருமகனுக்கு, கைப்பேசியில் பணம் செலுத்தும் ரகசிய எண் தெரியும். அம்மாவுக்காக அந்த எண்ணை இதுவரை அழுத்திக் கொடுத்துவந்ததே அவன்தான்.

"நான் பணம் எடுக்கவில்லை மாமா, டைமண்ட்தான் வாங்கினேன்" என்றான். டைமண்ட் என்பது அந்த விளையாட்டுக்குள் மட்டும் செல்லும் நாணயம். அவன் பொய் சொல்லவில்லை. அவன் மனதில் நடந்தது அதுதான். பணம் வேறு, டைமண்ட் வேறு என்று அந்தப் பிள்ளை உண்மையாகவே நம்பியிருந்தான். அந்த நம்பிக்கை தானாக வளர்ந்ததா, யாராவது திட்டமிட்டு வளர்த்தார்களா என்று தேடப் புகுந்ததில் எனக்குத் தெரியவந்தவைதான் இக்கட்டுரை. நான் கணித ஆசிரியன். ஆகவே கணக்கு கொஞ்சம் கூடுதலாக வரும்.

விளையாட்டுக்குள் சிறு தொகைக்குப் பொருள் விற்பதை மைக்ரோ டிரான்சாக்‌ஷன் என்கிறார்கள். 2006ஆம் ஆண்டு 'ஒப்லிவியன்' என்ற வீடியோ விளையாட்டில், குதிரைக்குப் போடும் கவசத்தை இரண்டரை டாலருக்கு விற்றார்கள். ஏற்கெனவே முழு விலை கொடுத்து வாங்கிய விளையாட்டில் குதிரைச் சட்டைக்குத் தனிக் காசா என்று அன்று ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். கைப்பேசிகள் பரவிய பிறகு நிலைமை தலைகீழானது. விளையாட்டை இலவசமாகக் கொடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் உடை, துப்பாக்கி வண்ணம், பருவ அட்டை ஆகியவற்றை விற்பதே முதன்மையான வணிகமாகிவிட்டது.

இந்த முறையில் ஒரு நன்மை இருக்கிறது; அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆயிரக்கணக்கில் விலை போட்டு விளையாட்டு வாங்க தங்கச்சிமடத்துப் பிள்ளைக்கு வழி இல்லை. இலவச விளையாட்டு இருப்பதால்தான் அவன் சென்னைப் பிள்ளையோடும் ஜகார்த்தாப் பிள்ளையோடும் ஒரே களத்தில் நிற்கிறான். காசு கொடுக்கிற சிலர், கொடுக்காத பலருக்காக விளையாட்டை நடத்திக் கொடுக்கிறார்கள். உருவாக்குகிறவர்களுக்கும் ஊதியம் வேண்டும். விலையை வெளிப்படையாக எழுதி, இந்தச் சட்டை 100 ரூபாய், விருப்பமிருந்தால் வாங்கு என்று விற்றால் அதில் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. திருவிழாக் கடையில் பலூன் விற்பதும் அதுதான்.

ஆனால் நடப்பது அப்படி இல்லை. முதலில் ரூபாயை டைமண்டாகவோ வேறு பெயருள்ள நாணயமாகவோ மாற்றச் சொல்கிறார்கள். கடையில் எதற்குமே ரூபாயில் விலை இருக்காது. நாணயக் கட்டுகளின் அளவும் பொருளின் விலையும் பெரும்பாலும் ஒத்துப்போகாது. 100 நாணயக் கட்டு ஒன்று இருக்கும். பிடித்த உடை 130 நாணயமாக இருக்கும். இரண்டு கட்டு வாங்கினால் 70 மிச்சம். அந்த 70 சும்மா கிடக்கிறதே என்று அடுத்த கட்டு வாங்கத் தோன்றும். நூறு ரூபாயைத் தொட்டுக் கொடுக்கும்போது நெஞ்சில் ஒரு சுருக்கென்ற உணர்வு வருமே, அது வராமல் செய்வதற்கான ஏற்பாடு இது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்புகள் 2025 மார்ச்சில் வெளியிட்ட நெறிமுறைகளில், விளையாட்டு நாணயத்தில் சொல்லும் விலையை உண்மைப் பணத்திலும் காட்ட வேண்டும், வேண்டாத அளவுக்கு நாணயம் வாங்கும்படி நெருக்கக் கூடாது என்றெல்லாம் சொல்லியிருக்கின்றன. என் மருமகன் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்கான மருந்து அதில் இருக்கிறது.

இதைவிடக் கனமானது அதிர்ஷ்டப் பெட்டி. லூட் பாக்ஸ் என்றும், சுழற்றும் சக்கரம் என்றும், ஜப்பானிய வழக்கில் கச்சா என்றும் பல உருவங்களில் வருகிறது. வேண்டிய பொருளை நேராக வாங்க முடியாது. காசு கொடுத்துப் பெட்டியைத் திறக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறதோ அதுதான் கிடைக்கும்.

மூடிய பொருளைக் காசு கொடுத்து வாங்குவது இந்தக் கடற்கரைக்குப் புதிதல்ல. மன்னார் வளைகுடாவின் பார்களில், அதாவது சிப்பி விளையும் கடலடித் திட்டுகளில், முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், சிப்பிகளைத் திறக்காமலேயே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விட்டார்கள். கீழக்கரையிலிருந்து இலங்கைப் பார்களுக்குக் குளிக்கப் போன முக்குளிப்பவர்களுக்குக் கூலியாகக் கிடைத்ததும் சிப்பிதான். எடுத்ததில் ஒரு பங்கு. அதைக் கரையிலேயே சில்லறைக்கு விற்றார்கள். வாங்கியவர் அங்கேயே பிளந்து பார்ப்பார். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. தூத்துக்குடிப் பார்களில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளித்தது 1961இல்.

சிப்பி வாங்குவதும் சூதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சூதில் விற்கிறவருக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. முத்தை உள்ளே வைத்தது கடல். வாங்குகிறவர் யார், அவர் கையில் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, எத்தனை முறை ஏமாந்தால் எழுந்து போய்விடுவார் என்பதெல்லாம் கடலுக்குத் தெரியாது. அதிர்ஷ்டப் பெட்டியில் விற்கிறவருக்கு எல்லாம் தெரியும். நூற்றில் எத்தனை பெட்டியில் நல்ல பொருள் வர வேண்டும் என்று முடிவு செய்வதே அவர்தான். அந்த எண்ணை நாளைக்கே மாற்றவும் அவரால் முடியும். வாங்குகிறவர் எந்த நேரத்தில் விளையாடுகிறார், எதில் தோற்றால் சோர்கிறார், எந்தச் சலுகைக்கு மயங்குகிறார் என்பதும் அவருடைய கணினியில் பதிவாகிக்கொண்டே இருக்கிறது. ஒரு பக்கம் முழுதும் தெரிந்தவர், மறுபக்கம் ஒன்றும் தெரியாத பன்னிரண்டு வயதுப் பிள்ளை. இதைச் சமமான வியாபாரம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இது வெறும் ஊகமும் அல்ல. தென்கொரியாவில் 'மேப்பிள் ஸ்டோரி' என்ற விளையாட்டில், ஆட்டக்காரர்கள் அதிகம் விரும்பிய சில பலன்கள் கிடைக்கும் வாய்ப்பை நெக்ஸன் நிறுவனம் சொல்லாமல் குறைத்தது, சிலவற்றைச் சுழியத்துக்கே கொண்டுபோனது என்று அந்நாட்டு வணிகப் போட்டி ஆணையம் கண்டறிந்து, 2024 ஜனவரியில் சுமார் 1,160 கோடி வொன் அபராதம் போட்டது. வராத பொருளுக்காக ஆட்கள் வருடக்கணக்கில் காசு போட்டிருக்கிறார்கள். அதே ஆண்டு மார்ச் முதல் வாய்ப்பு விகிதத்தை வெளியிடுவது அங்கே சட்டப்படி கட்டாயமாகிவிட்டது. அமெரிக்காவில் ஆக்டிவிஷன் நிறுவனம் 2017 அக்டோபரில் ஒரு காப்புரிமை பெற்றது. யாரை யாரோடு மோதவிட்டால் ஒருவருக்குப் பொருள் வாங்கும் ஆசை வரும் என்று பார்த்து எதிராளியைத் தேர்ந்தெடுக்கும் முறை அது. எந்த விளையாட்டிலும் இதைப் பயன்படுத்தவில்லை என்று நிறுவனம் அப்போது கூறியது. பயன்படுத்தாவிட்டாலும், அப்படி ஒன்றை உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார்களே என்பதுதான் என்னை உறுத்துகிறது.

இனி கணக்கு. ஒரு சக்கரத்தில் நல்ல துப்பாக்கி கிடைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். நூறு முறை சுழற்றினால் கிடைத்துவிடுமா என்று வகுப்பில் கேட்டால் கிடைத்துவிடும் என்றே பெரும்பாலான பிள்ளைகள் சொல்வார்கள். பெரியவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். உண்மையில் ஒவ்வொரு சுற்றிலும் கிடைக்காமல் போகும் வாய்ப்பு 0.99. அதை நூறு முறை பெருக்கினால் ஏறத்தாழ 0.37 வரும். அதாவது நூறு பிள்ளைகள் ஆளுக்கு நூறு முறை சுழற்றினால், சுமார் 37 பேர் வெறுங்கையோடு எழுந்திருப்பார்கள். அந்த 37 பேரில் ஒருவன், இவ்வளவு போட்டாயிற்று, அடுத்த சுற்றில் கட்டாயம் வரும் என்று நினைப்பான். சக்கரத்துக்கு நினைவு கிடையாது. நூற்று ஒன்றாவது சுற்றிலும் அவனுக்கு அதே நூற்றில் ஒன்றுதான். இத்தனை சுற்றுக்குள் கட்டாயம் தருவோம் என்று உறுதி சொல்லும் விளையாட்டுகளும் உண்டு. அங்கே அந்த எல்லை எத்தனை ரூபாய்க்குச் சமம் என்று பெருக்கிப் பார்க்க வேண்டும். பார்த்தால் பலர் தொடவே மாட்டார்கள்.

பரிசு எப்போது வரும் என்று தெரியாமல் இருப்பதுதான் மனதை அதிகமாகக் கட்டிப்போடும். பி.எஃப். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் புறாக்களை வைத்து இதைக் காட்டினார். ஒழுங்கான இடைவெளியில் தீனி கிடைத்த புறாவைவிட, எத்தனையாவது கொத்தலில் தீனி விழும் என்று தெரியாத புறா விடாமல் கொத்திக்கொண்டே இருந்தது. மீன்பாடு எப்படி இருக்கும் என்று தெரியாமல் விடியுமுன் வலை ஏற்றும் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு இந்த எதிர்பார்ப்பின் சுவை ரத்தத்திலேயே இருக்கிறது. நேற்று ஒன்றும் படவில்லை, இன்றைக்குப் படும் என்று கடலுக்குப் போவது இங்கே வாழ்க்கை முறை. அது தொழிலுக்கு வேண்டிய துணிவு. அந்தத் துணிவையே காசாக்கும் பொறியைப் பிள்ளையின் கையில் கொடுப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

யாரும் வாங்கச் சொல்லி அடிக்கவில்லையே, விருப்பமில்லாவிட்டால் விட்டுவிடலாமே என்று ஒரு வாதம் உண்டு. இரட்டைமடி, சுருக்குமடி வலைகளுக்கு எதிராக நாட்டுப்படகுக்காரர்கள் போராடிய கரை இது. அந்தச் சண்டையில் வலையின் அமைப்பைப் பற்றித்தான் பேசினார்கள். மீன் ஏன் உள்ளே போனது என்று ஒருவரும் கேட்கவில்லை. இங்கும் வலையைத்தான் பார்க்க வேண்டும். 24 மணி நேரத்தில் முடியும் என்று ஓடும் கடிகாரம், முதல் முறை வாங்கினால் இரட்டிப்பு, தோற்ற உடனே திரையில் எழும் சலுகை, ஒரு பொத்தானில் முடிந்துவிடும் கொள்முதல். அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 'ஃபோர்ட்நைட்' விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் மீது சொன்ன குற்றச்சாட்டுகளில், குழப்பமான பொத்தான் அமைப்பால் வேண்டாத கொள்முதல் நடந்தது என்பதும், தெரியாமல் எடுத்த பணத்தைத் திரும்பக் கேட்டு வங்கியில் முறையிட்டவர்களின் கணக்குகளை முடக்கினார்கள் என்பதும் அடங்கும். 2022 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட தீர்வில் 52 கோடி டாலர் கட்ட அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது, அதில் 24.5 கோடி ஆட்டக்காரர்களுக்குத் திருப்பிக் கொடுப்பதற்கு.

பெரும்பாலான ஆட்டக்காரர்கள் ஒரு பைசாகூடச் செலவழிப்பதில்லை. வருமானத்தில் பெரும்பகுதி ஒரு சிறு கூட்டத்திடமிருந்து வருகிறது. அவர்களுக்குத் தொழில்வட்டாரத்தில் திமிங்கிலம் என்று பெயர்; சூதாட்ட விடுதிகளிலிருந்து வந்த சொல். அந்தத் திமிங்கிலங்கள் எல்லோரும் பணக்காரர்கள் அல்லர். அதிர்ஷ்டப் பெட்டிக்கு அதிகம் செலவழிப்பவர்களிடம் சூதாட்டச் சிக்கலின் அறிகுறிகளும் அதிகம் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. எது காரணம், எது விளைவு என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் எந்தப் பக்கம் காரணம் என்றாலும், நோயுற்றவரிடமிருந்தே அதிக லாபம் வருகிறது என்றால் அந்தத் தொழில் தன்னைத்தானே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகளிடம் இன்னொரு காயமும் ஏற்படுகிறது. பள்ளியில் சீருடை இருப்பதால் படகு முதலாளியின் மகனும் பங்குக்குப் போகிறவரின் மகனும் ஒரே நிறத்தில் உட்காருகிறார்கள். விளையாட்டுக்குள் நுழைந்தால் அந்தச் சமத்துவம் கலைந்துவிடுகிறது. இலவசமாகக் கொடுத்த உடையோடு வருகிறவனை அணியில் சேர்க்காமல் கேலி செய்கிறார்கள். 'உடைதானே, ஆட்டத் திறமைக்கும் அதற்கும் தொடர்பில்லையே' என்று பெரியவர்கள் சொல்லலாம். எட்டாம் வகுப்பில் அப்படிச் சொன்னவர்கள் யாரும் இல்லை. கீழக்கரை, தொண்டிப் பக்கம் நிலைமை சற்று வேறு. வாப்பா வளைகுடாவில் இருக்கிறார். பணம் உம்மாவின் கணக்குக்கு வருகிறது. கைப்பேசியின் நுணுக்கம் தெரிந்தவன் மகன் மட்டும். அப்பாவைப் பார்க்காத பிள்ளை கேட்கிறானே என்று நூறு இருநூறு கொடுக்கும் தாய்மார்களை நான் குறை சொல்ல மாட்டேன். 2020இல் பள்ளிகள் மூடப்பட்டு, பாடமே கைப்பேசியில் நடந்தபோது அதைப் பிள்ளைகள் கையில் கொடுத்தவர்கள் நாங்கள், ஆசிரியர்கள்.

சட்டம் என்ன செய்கிறது? ஜப்பான் 2012லேயே, பல அதிர்ஷ்டப் பொருள்களைச் சேர்த்தால்தான் பெரிய பரிசு என்ற வகையைத் தடுத்தது. சீனா 2017 மே முதல் வாய்ப்பு விகிதத்தை வெளியிடச் சொன்னது. பெல்ஜியம் 2018இல் சில விளையாட்டுகளின் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே முடிவு செய்தது. நெதர்லாந்தில் அதே வழியில் போடப்பட்ட ஒரு கோடி யூரோ அபராதத்தை அங்குள்ள உயர் நிர்வாக நீதிமன்றம் 2022இல் ரத்து செய்துவிட்டது. ஆஸ்திரேலியா 2024 செப்டம்பர் முதல், காசு கொடுத்துத் திறக்கும் பெட்டி உள்ள புதிய விளையாட்டுகளை 15 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஏற்றதல்ல என்று வகைப்படுத்துகிறது. எல்லோரும் ஒரே முடிவுக்கு வரவில்லை.

நம் நாட்டில் 2020இல் பப்ஜி மொபைலும் 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரும் தடை செய்யப்பட்டபோது, பிள்ளைகளைக் காப்பாற்றிவிட்டார்கள் என்று பல பெற்றோர் நிம்மதி அடைந்தார்கள். அந்தத் தடைகளுக்குச் சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பும் தகவல் பாதுகாப்பும். உள்ளே நடந்த விற்பனை முறையைப் பற்றி அவற்றில் பேச்சே இல்லை. ஆகவே அடுத்தடுத்து வந்த விளையாட்டுகளிலும் அதே கடை, அதே சக்கரம்.

தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டு இணையச் சூதாட்டத் தடைச் சட்டமும், அதன் கீழ் 2025 பிப்ரவரியில் வந்த விதிமுறைகளும் பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆட்டங்களைக் கட்டுப்படுத்துகின்றன. நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக் கூடாது, 18 வயது நிறையாதவர்கள் ஆடவே கூடாது என்ற விதிகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் உறுதி செய்தது. ஒன்றிய அரசு 2025 ஆகஸ்டில் கொண்டுவந்த சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை முற்றிலும் தடுக்கிறது. இரண்டும் தேவையான சட்டங்கள். ஆனால் அவற்றின் கண் ரம்மியின் மீது இருக்கிறது. அதிர்ஷ்டப் பெட்டியில் பணம் உள்ளே போகிறது, திரும்பிப் பணமாக வருவதில்லை. வண்ணத் துப்பாக்கியாக வருகிறது. வெல்வது பணம் இல்லையே, இது எப்படிச் சூதாகும் என்று நிறுவனங்கள் கேட்க இடம் இருக்கிறது. 2003இல் லாட்டரிச் சீட்டை ஒழித்த மாநிலம் நம்முடையது. வென்றாலும் பணம் கிடைக்காத லாட்டரி மட்டும் பிள்ளைகளுக்குப் பாதிப்பில்லாதது என்று எப்படிச் சொல்வது?

இருக்கிற சட்டங்களிலும் பிடி கிடைக்கும். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. 1903இல், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலே இதை அறுதியிட்டுச் சொல்லிவிட்டது. ஆனால் கணக்கு அம்மா பெயரில், ரகசிய எண் சரியாக அழுத்தப்பட்டிருக்கிறது என்று நிறுவனம் கை விரிக்கும்போது சின்னப்பாலத்துப் பெண் எங்கே போய் வாதாடுவார்? நுகர்வோரை ஏமாற்றும் திரை உத்திகளில் 13 வகையை ஒன்றிய அரசு 2023 நவம்பரில் பட்டியலிட்டுத் தடுத்தது. அதில் பொய்யான அவசரம் காட்டி வாங்கவைப்பதும் ஒன்று. ஓடும் கடிகாரங்களை அந்த விதியின் முன்னால் நிறுத்திப் பார்க்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915; தமிழிலும் பேசலாம். ரூபாயில் விலை, கடைக்குள் நுழைந்தவுடனே தமிழில் வாய்ப்பு விகிதம், பிள்ளைகளின் கணக்கில் அதிர்ஷ்டப் பெட்டியே இல்லாமை ஆகிய மூன்றையும் சட்டமாகக் கேட்பதில் மிகை ஒன்றும் இல்லை என்பது என் எண்ணம்.

அக்காவின் பணம் திரும்பவில்லை. கேட்டு எழுதினோம், முடியாது என்று ஆங்கிலத்தில் பதில் வந்தது. கைப்பேசியில் ஒவ்வொரு கொள்முதலுக்கும் அக்காவின் கைரேகை கேட்கும்படி மாற்றினேன். ரகசிய எண்ணையும் மாற்றியாயிற்று. பிறகு மருமகனோடு உட்கார்ந்து, அவன் நோட்டில் மூன்று கட்டம் போட்டேன். டைமண்ட், அதற்கு எத்தனை ரூபாய், அந்த ரூபாய்க்கு அவன் அம்மா எத்தனை கிலோ பாசி எடுக்க வேண்டும். மூன்றாவது கட்டத்துக்கு அக்காவைக் கேட்டுத்தான் எண் எழுதினோம். அவன் அழவில்லை. கொஞ்ச நேரம் எழுதிவிட்டு, அந்தச் சக்கரத்தில் அந்தத் துப்பாக்கி கிடைக்க நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று எங்கே போட்டிருக்கிறார்கள் மாமா என்று கேட்டான். இருவரும் தேடினோம். சக்கரத்தின் மூலையில் ஒரு சிறிய குறி, அதைத் தொட்டால் விதிமுறைகள், அதற்குள் இன்னொரு இணைப்பு, அதைத் திறந்து அடிவரை இழுத்தால் ஆங்கிலத்தில் ஒரு அட்டவணை. கண்டுபிடிக்கப் பதினோரு நிமிடம் ஆனது. சுழற்றும் பொத்தான் அதுவரை திரையின் நடுவில் மின்னிக்கொண்டிருந்தது.